பெயர் இல்லாத இருபத்திரண்டு விநாடி

தை மாத முகூர்த்தம் ஒன்றில் கச்சேரி முடித்துவிட்டு எங்கள் தவில்காரர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இலைப் பையன் ஒரு கையால் வடையைப் பிய்த்துக்கொண்டு மறு கையால் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். திடீரென்று அந்தப் போனிலிருந்து இவருடைய தவில். எட்டிப் பார்த்தால் திரையில் ஒரு நாய்க்குட்டி படிக்கட்டில் உருண்டு உருண்டு இறங்குகிறது, ஒவ்வொரு படிக்கும் இவர் அடித்த ஒரு அடி. "தம்பி, இது நான் வாசிச்சது" என்றிருக்கிறார். பையன் அவரை ஒரு தடவை, போனை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இல்லண்ணே, இது ட்ரெண்டிங் ஆடியோ" என்றானாம்.

அடுத்த பந்தியில் சாப்பிட்ட எனக்கு இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி காவிரிப் பாலம் ஏறும்வரை வாய் திறக்கவில்லை. பாலத்துக் காற்றில் காதருகே வந்து கேட்டார்: "தம்பி, அதுல எம்பேரு எங்கயுமே வராதா?"

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினாறு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். மாடியில் ஒரு அறை. சுவரில் பழைய மெத்தையைக் கிழித்து அடித்திருக்கிறேன், அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடாத நேரம் பார்த்துத்தான் பதிவு. அங்கே நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டோம். கொள்ளிடத்து மணலைப் பற்றிய பாட்டு. 4 நிமிஷம் 12 விநாடி. பல்லவி வருவதற்கே முப்பத்தைந்து விநாடி ஆகும், முன்னிசை அவ்வளவு ஆசையாகப் போட்டது.

என் அக்கா மகள்தான் முதலில் கையை வைத்தாள். காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள், இந்த விஷயத்தில் எனக்குக் குரு.

"மாமா, மூணு செகண்டுல ஒண்ணும் நடக்கலைன்னா தள்ளிடுவாங்க."

"மூணு செகண்டுல தம்புராவே சேராது பாப்பா."

"அதான் சொல்றேன்."

நான் பல்லவியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன், சரணத்திலிருந்து ஒன்று கொடுத்தேன். போட்டாள், ஒன்றும் அசையவில்லை. பிறகு என்னைக் கேட்காமலேயே இன்னொன்று போட்டாள். பதிவு நடந்த அன்று அவள் போனில் சும்மா எடுத்தது அது. தவில்காரர் இரண்டாவது இடையிசைக்கு ஒரு தீர்மானம் வாசித்து, மூன்றாவது சுற்றில் அரை மாத்திரை நழுவி, அதை அப்படியே இழுத்துப் பிடித்துச் சமத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். 22 விநாடி. அதுதான் பிய்த்துக்கொண்டு போனது. பத்து நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். சீர்வரிசைத் தட்டு தூக்கி வரும் ஊர்வலம், முட்டை தோசை போடும் மாஸ்டர், ஜல்லிக்கட்டு மாடு, அந்த நாய்க்குட்டி என்று எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தத் தவில். முழுப் பாட்டை அந்த மாதம் கேட்டவர்கள் நாலாயிரம் சொச்சம்.

பாட்டைத் துண்டாகக் கேட்பது நமக்கொன்றும் புதிதில்லை. டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு மற்ற 58 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தது. அடுத்த மாதமே இங்கே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே நம்மிடம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருந்தது. முப்பது விநாடி. அம்மா ஸ்டேட்டஸ், லவ் ஃபெயிலியர் ஸ்டேட்டஸ், மழை ஸ்டேட்டஸ் என்று இளையராஜா பாட்டின் சரணங்களை நம் மக்கள் வெட்டி வைத்திருந்த நேர்த்தியை எந்த எடிட்டரும் மெச்சுவார். ஊரடங்கு தொடங்கிய நேரம் அதைக் கொஞ்ச நாளுக்குப் பதினைந்து விநாடியாகக் குறைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? என் சித்தப்பா ஒரு சாவு வீட்டுத் துக்கம் போலப் புலம்பினார்.

இப்போது வேறுபாடு என்னவென்றால், துண்டு முதலில் வருகிறது, பாட்டு பிறகு வருகிறது. 2024 ஜனவரியில் வந்த 'கட்சி சேர' நல்ல உதாரணம். படம் கிடையாது, ஹீரோ கிடையாது. சாய் அபயங்கர் என்ற புதுப் பையன், அதன் வீடியோவில் ஆடும் சம்யுக்தாவின் ஒரு ஆட்ட அசைவு. அந்த அசைவை யாரும் வீட்டுக் கூடத்தில் ஆடிவிடலாம், ஆனால் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' என்ற அளவு இருக்கிறதே, அதுதான் சூட்சுமம். ரொம்ப எளிது என்றால் ஆட என்ன பெருமை, ரொம்பக் கஷ்டம் என்றால் யார் ஆடுவார்கள். அதே வருஷம் 'ஆச கூட' வந்தது, பிறகு பையன் பெரிய படங்களுக்குப் போய்விட்டார். அவர் அப்பா அம்மா பாடகர்கள் திப்புவும் ஹரிணியும். வீட்டில் மைக்குக்குப் பஞ்சம் இருந்திருக்காது என்று கொஞ்சம் பொறாமைப்பட்டேன், பிறகு பாட்டை முழுசாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

ஆனால் எல்லாத் துண்டும் தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. 'மனிகே மகே ஹிதே' என்றால் உங்களுக்கு யொஹானியின் முகம் வரும். 2021இல் இந்தியா முழுக்க ரீல்ஸில் ஓடிய சிங்களப் பாட்டு. அதை அதற்கு முந்தின வருஷமே பாடி வெளியிட்டவர் சதீஷன் ரத்நாயக்க. யொஹானி பாடியது அதன் மறு வடிவம், அந்தப் பதிவிலும் சதீஷன் கூடப் பாடுகிறார். இங்கே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? அமெரிக்காவில் 2020 செப்டம்பரில் ஒருவர், வேலைக்குப் போகும் வழியில் வண்டி நின்றுபோக, சறுக்குப் பலகையில் ஏறி, கையில் கிரான்பெர்ரி ஜூஸ் புட்டியோடு ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'டிரீம்ஸ்' பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டே போனார். 1977இல் வந்த பாட்டு மறுபடி பில்போர்ட் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே குழுவின் பெயர் ஏற்கெனவே ஊரறிந்தது, அதனால் ஆதாயம் நேராகப் பாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. எங்கள் தவில்காரருக்கு அந்த வசதி இல்லை.

இதில் ஒரு தொழில்நுட்பக் கோளாறும் உண்டு, அது என் தப்புதான். முறைப்படி ஒரு விநியோக நிறுவனம் மூலமாகப் பாட்டைக் கொடுத்தால், ரீல்ஸில் அதற்கென்று பாட்டின் பெயரும் கலைஞர் பெயரும் உள்ள ஆடியோ பக்கம் வரும். யார் எடுத்துப் போட்டாலும் கீழே அந்தப் பெயர் ஓடும். முழுப் பாட்டை அப்படித்தான் கொடுத்திருந்தேன். ஆனால் ஓடியது போனில் எடுத்த துண்டு. அது 'ஒரிஜினல் ஆடியோ' என்று என் அக்கா மகள் கணக்கின் பெயரில் விழுந்தது. அதை இன்னொருவர் இறக்கித் தன் கணக்கில் ஏற்றினார், அது அவருடைய 'ஒரிஜினல்' ஆனது. அவரிடமிருந்து இன்னொருவர். நாலாவது கை மாறும்போது அது 'மாஸ் தவில் பிஜிஎம்'. நாய்க்குட்டிக்காரர் எத்தனையாவது கை என்று எங்களுக்கே தெரியாது.

நடுவில் நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். சூட்டோடு சூடாக முழுப் பாட்டையும் தள்ளிவிடலாம் என்று, லட்சக்கணக்கில் ஃபாலோயர் உள்ள ஒரு பக்கத்துக்கு 3,500 ரூபாய் கட்டினேன். போட்டார்கள். ஒரே ராத்திரியில் நாற்பதாயிரம் வியூஸ், பதினொரு கமெண்ட், பதினொன்றும் நெருப்புப் பொம்மை. ஒருவர்கூட முழுப் பாட்டுக்கு வரவில்லை. பார்த்தது மனுஷர்தானா என்றே எனக்குச் சந்தேகம். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல மைக் வயர் வாங்கியிருப்பேன்.

அந்த வயிற்றெரிச்சலில் பழைய கிராமபோன் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கவுஹர் ஜான் என்ற தவாயிஃப், அதாவது ஆடிப் பாடும் கலைஞர், கண்ணில் பட்டார். 1902இல் கல்கத்தாவில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற பதிவாளர் அவரைப் பாட வைத்தார். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிஷத் தட்டுக்குள் அடக்க வேண்டும். பெரிய பெரிய உஸ்தாதுகள் முகம் சுளித்தபோது அந்த அம்மா அதைச் செய்து காட்டினார். பாடி முடித்ததும் தட்டின் கடைசியில் இங்கிலீஷில் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார். பந்தாவுக்கு இல்லை. தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவரில். அங்கே இருப்பவனுக்கு யார் பாடியது என்று தெரிந்தால்தானே லேபிள் ஒட்டுவான்? குரலுக்குள்ளேயே பெயரைப் பொதிந்து அனுப்பிவிட்டார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நூற்றி இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தவாயிஃப் யோசித்ததை, கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நான் யோசிக்கவில்லை.

சரி, காசு.

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. யூடியூப் ஷார்ட்ஸில் 2023 பிப்ரவரியிலிருந்து விளம்பர வருமானத்தை மொத்தமாக ஒரு குண்டானில் சேர்த்துப் பிரிக்கிறார்கள். போட்டவருக்கு அவர் பங்கில் 45 சதவீதம். அடுத்தவர் பாட்டு ஒன்றைப் பயன்படுத்தினால், அந்தத் துண்டுக்கான தொகையில் பாதி முதலிலேயே இசை உரிமைக்குப் பிரிந்துவிடும். ஸ்பாட்டிஃபை 2024லிருந்து, ஒரு பாட்டு ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவையாவது ஓடவில்லை என்றால் அதற்குப் பைசா கிடையாது என்றுவிட்டது. எங்கள் பாட்டு அங்கே அந்த ஆயிரத்தைத் தாண்ட ஏழு மாதம் ஆனது. ஆறு லட்சம் பேர் பார்த்த துண்டிலிருந்து எங்களுக்கு வந்தது சுத்தமான பூஜ்யம். நாம் சின்ன ஆட்கள், விடுங்கள். 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்து உலகமே பாடியது. மூன்று வருஷம் கழித்து அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு வருமானமும் வரவில்லை என்று வீடியோ போட்டுச் சொன்னார்.

ஆக, சந்தா. கேவின் கெல்லி என்ற எழுத்தாளர் 2008இல் ஒரு கணக்குப் போட்டார். வருஷத்துக்கு நூறு டாலர் உங்களுக்காகச் செலவழிக்கும் ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும், ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம் என்று. ஜாக் கான்ட்டி அந்த வழியில் ஒரு கடையையே கட்டினார். அவர் பாம்பிளமூஸ் என்ற இருவர் குழுவில் பாதி. ஒரு பாட்டு வீடியோவுக்காக 'ஸ்டார் வார்ஸ்' விண்கலத்தின் ஓட்டுநர் அறையைக் கடன் அட்டை தேயத் தேயச் செட் போட்டு, விளம்பர வருமானத்தில் அது எந்தக் காலத்திலும் திரும்பாது என்று உணர்ந்து, 2013இல் சாம் யாம் என்ற நண்பரோடு பேட்ரியான் என்ற சந்தா தளத்தைத் தொடங்கினார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுகூட இல்லை. 2014இல் தங்கள் குழு 28 நாள் ஊர் ஊராக வாசித்துவிட்டு வந்த கணக்கை அப்படியே வெளியில் போட்டார். வரவு 1,35,983 டாலர், செலவு 1,47,802 டாலர். கூட்டம் நிரம்பி வழிந்த சுற்றுப்பயணத்தில் கையைக் கடித்தது பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊரில் எந்தக் குழு இப்படிக் கணக்கைக் காட்டும்? மேடைக்குப் பின்னால் கவர் வாங்கும்போதே பக்கத்தில் நிற்பவன் பார்க்காமல் திரும்பிக்கொள்வோம்.

காட்டுகிறேன். யூடியூப் உறுப்பினர் வசதியைத் திறந்தேன். மாதம் 59 ரூபாய். அதிகபட்சமாக 43 பேர் இருந்தார்கள். மொத்தம் 2,537. வரி போய், மீதியில் யூடியூப் முப்பது சதவீதம் எடுத்துக்கொண்டது போக, கைக்கு ஏறக்குறைய 1,500. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 375. ஒரு முகூர்த்தத்துக்கு வாசித்தால் எனக்கு இதைப்போல எட்டு மடங்கு கிடைக்கும், மத்தியானச் சாப்பாடு தனி. கெல்லி சொன்ன ஆயிரம் பேர் வந்தாலும் இந்த விலையில் மாதம் முப்பத்தைந்தாயிரம்தான். அதுவும் நாலு பேருக்கு.

ஆனாலும் அந்த 43 பேரை நான் விடமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் இரண்டு மாதம் எல்லாரும் செய்வதையே செய்தேன். பாட்டு ஒரு நாள் முன்கூட்டி, பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டை, போனுக்கு வால்பேப்பர். கொள்ளிடத்துப் படம் போட்ட வால்பேப்பரை எத்தனை பேர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். மூன்றாம் மாதம் கொடுக்க ஒன்றுமில்லை. அடுத்த பாட்டின் சரணம் வராமல் ராத்திரி பதினொன்றரைக்கு முட்டிக்கொண்டிருந்தேன். வெறுத்துப்போய், முட்டியதையே போனில் பதிவு செய்து போட்டேன். ஒரே வரி, மூன்று மெட்டு. மூன்றாவதில் பாதியில் நிறுத்தி "ச்சே" என்பேன். தெரு நாய் குரைக்கும்.

காலையில் பார்த்தால் அம்பது கமெண்ட். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், இரண்டாவது மெட்டு கமாஸ் சாயலில் இருக்கிறது, இறங்கும்போது அந்த ஒரே இடத்தில் காகலி நிஷாதத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள் தம்பி, இனிக்கும், என்று எழுதியிருந்தார். தொட்டுப் பார்த்தேன். இனித்தது. தோஹாவில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது அந்த "ச்சே"வை நாலு தடவை கேட்டதாகச் சொன்னார். "உங்களுக்கும் வராதுன்னு தெரிஞ்சதுல ஒரு நிம்மதி அண்ணா." இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அவர்கள் 59 ரூபாய் கட்டுவது பாட்டுக்காக இல்லை, பாட்டு இலவசமாகவே கிடைக்கிறது. அது போடப்படும் அறைக்குள் உட்கார இடம் கேட்கிறார்கள். யார் வாசிக்கிறார், யார் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, தவில்காரர் இன்று ஏன் டல்லாக இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரியும். ரீல்ஸில் பெயர் தொலைத்த மனுஷருக்கு அந்தச் சின்னக் கூட்டத்தில் பெயர், ஊர், குரு யார், வெற்றிலைக்கு எந்தச் சுண்ணாம்பு என்பதுவரை உண்டு.

இதிலும் இம்சை இல்லாமல் இல்லை. உறுப்பினர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, மூன்றாம் நாளே 'குட்மார்னிங் போடக் கூடாது' என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. ஒருவர் 159 ரூபாய் கட்டும் மேல் தட்டில் சேர்ந்துவிட்டு, பல்லவியில் தன் மகள் பெயர் வர வேண்டும் என்றார். முடியாது என்றதும், "காசு குடுத்திருக்கோம்ல சார்" என்றார். கோயில் கச்சேரியில் நோட்டை நீட்டிக்கொண்டு மேடைக்கு வரும் ஆள் நினைவுக்கு வந்தார். அந்த ஆளுக்காவது நாம் ஒரு பாட்டு வாசித்ததும் கடன் தீர்ந்துவிடும். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஒன்றும் போடாத மாதம் ஒன்பது பேர் கழன்றுகொண்டார்கள். தப்பு சொல்ல மாட்டேன், ஆனால் படுக்கையில் கிடந்தபடி அந்த எண் இறங்குவதைப் பார்ப்பது காய்ச்சலைவிடக் கொடுமை. கொரியாவில் பப்புள் என்றொரு செயலி இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் உங்கள் பாடகர் உங்களுக்கே குறுஞ்செய்தி அனுப்புவது போலவே வரும். அந்தப் பிள்ளைகள் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவார்களோ.

இப்போது 38 பேர்.

பாலத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போன மாதம் தவில்காரரை மறுபடி மாடிக்கு அழைத்தேன். கவுஹர் ஜான் கதையைச் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா கெட்டிக்காரி" என்றார். அதே தீர்மானம். இந்தத் தடவை நழுவாமல் வாசித்தார். அக்கா மகள், "ஐயோ, அந்தத் தப்புதான் மாமா அழகு" என்று நொந்துகொண்டாள். மறுபடி வாசிக்கச் சொன்னோம். தப்பை வேண்டுமென்றே வாசிக்க அவருக்கு வரவே இல்லை. ஏழாவது தடவையில் களைப்பில் தானாக நழுவியது. சமத்தில் கொண்டுவந்து போட்டார், நாக்கைக் கடித்தார், பிறகு நாங்கள் சொல்லிவைத்தபடி மைக்கைப் பார்த்துத் தன் பெயரையும் திருவானைக்காவலையும் சொன்னார். ஊர்ப் பெயரில் குரல் கொஞ்சம் தடுமாறியது. மொத்தம் 26 விநாடி. இந்த முறை விநியோக நிறுவனம் வழியாக, அவர் பெயரில் ஆடியோ பக்கத்தோடு ஏற்றினோம்.

வியாழக்கிழமை போட்டது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு பரோட்டா கடை ரீல்ஸில் வந்துவிட்டது. மாஸ்டர் மாவை வீசுகிறார், ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அடி, பிரமாதமாகப் பொருத்தியிருந்தார்கள். 22 விநாடியில் வெட்டியிருந்தார்கள்.

உறுப்பினர் பக்கத்தில் முழுசாக இருக்கிறது. ஏழு தடவையும் இருக்கிறது. தவில்காரர் அந்தப் பரோட்டா வீடியோவை என் போனில் இரண்டு தடவை பார்த்தார். "கடை எங்கன்னு கேளுங்க தம்பி, போய்ச் சாப்பிட்டுட்டே நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.